உதவி தேவை: எல்இடி வாலில் பாவு இழைகள் தடித்தும் மெலிந்தும் தெரிகின்றன, சில காணாமலே போகின்றன

கரித்தூரிகை (செவ்வாய், இரவு 11.20)

வணக்கம். கவின்கலை இறுதியாண்டு மாணவி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு நிறுவல் செய்கிறோம். பெயர் "தறி". எல்இடி வாலில் (பேனல்களை அடுக்கிக் கட்டிய எல்இடி சுவர், LED wall) மேலிருந்து கீழாகப் பாவு இழைகள் ஓடும். எதிரே ஆள் வந்து நின்றால் அவர் உருவம் ஊடையாக (குறுக்கு நூலாக) உள்ளே புகுந்து நெய்யப்படும். கையை வீசினால், தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் போல ஒரு ஜரிகைக் கோடு ஓடும். என் தாத்தா காஞ்சிபுரத்தில் தறி ஓட்டியவர், அதனால் இந்த யோசனை.

லேப்டாப்பில் பார்த்தால் அருமையாக இருக்கிறது. இன்று வாடகை வால் வந்து இறங்கியது. போட்டுப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

1. இழைகள் ஒரே சீராக இல்லை. ஒன்று தடி, ஒன்று மெலிசு, சில இடத்தில் இழையே இல்லை. அசையும்போது மினுக்கு மினுக்கென்று துடிக்கிறது.
2. பின்னணிக்கு வைத்த அரக்கு நிறம் படிப்படியாகத் திட்டு விழுந்து தெரிகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் புகை மாதிரி ஒரு வெளிச்சம்.
3. கினெக்ட் (எதிரே நிற்பவரின் அசைவைப் பிடிக்கும் கேமரா) சில நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து போகிறது. ஓரத்தில் நிற்பவரைப் பிடிப்பதே இல்லை.
4. வெள்ளை டெஸ்ட் படம் போட்டதும் ஹாலின் எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தது. இரண்டு முறை.

மென்பொருள் டச்டிசைனர், இலவசப் பதிப்பு. ரெண்டர் (மென்பொருள் உருவாக்கும் படத்தின் அளவு) 1920×1080. கண்காட்சி சனிக்கிழமை. வாலோடு வந்த ஆபரேட்டர் அண்ணன், "கன்டென்ட் சரியில்லை பாப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

---

வாலுப்பையன் (செவ்வாய், இரவு 11.48)

கல்யாணம், கட்சி மேடை, காலேஜ் கல்ச்சுரல் என்று ஒன்பது வருஷமாக வால் கட்டுகிறேன். அந்த அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவருடைய பெட்டியில் இருக்கிறது.

முதலில் நான்காவதைப் பேசுவோம், அதுதான் ஆபத்து. பேனல் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் அதிகபட்ச வாட் எவ்வளவு? மொத்தம் எத்தனை பேனல்? எத்தனை பிளக்கில் சொருகியிருக்கிறார்கள்?

அப்புறம் அதே சீட்டில் "பி" என்று தொடங்கும் எண் (ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில்), பேனலின் அகல உயரம், ஒரு பேனலுக்கு எத்தனை பிக்சல், இதையெல்லாம் எழுதுங்கள். இது தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்கு.

---

கரித்தூரிகை (புதன், காலை 9.05)

நன்றி அண்ணா. சீட்டைப் பார்த்தேன். பி3.9. பேனல் 500×500 மில்லிமீட்டர், 128×128 பிக்சல். அகலத்தில் 8, உயரத்தில் 4. மொத்தம் 32 பேனல், 4 மீட்டருக்கு 2 மீட்டர். ஒரு பேனல் அதிகபட்சம் 160 வாட். எல்லாமே ஒரே 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

---

வாலுப்பையன் (புதன், காலை 9.31)

32 × 160 = 5,120 வாட். 230 வோல்ட்டில் 22 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் பிளக் எப்படித் தாங்கும்? முழு வெள்ளை போட்டால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில் எரியும். அதனால்தான் வெள்ளை வந்ததும் விழுந்தது. உங்கள் இழைப் படம் ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இழுக்காது. ஆனால் யாராவது தெரியாமல் ஒரு வெள்ளை விண்டோவைத் திறந்தால் கண்காட்சி நடுவிலேயே இருட்டு. கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று தனித்தனி லைனாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே கைவைக்க வேண்டாம். எம்சிபியைப் பெரிதாக மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், ஒயர் உருகும்.

இப்போது இழை. எட்டு பேனல் × 128 = 1024. நான்கு × 128 = 512. உங்கள் வாலில் இருப்பது 1024×512 பிக்சல், அவ்வளவுதான். நீங்கள் அனுப்புவது 1920×1080. பதினைந்து கட்டத்தை எட்டுக் கட்டத்துக்குள் அடக்கச் சொல்கிறீர்கள். ஒரு பிக்சல் இழை சரியாக ஒரு கட்டத்தில் விழுந்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழுந்தால் பாதி பாதியாகப் பிரிந்து மங்கித் தடிக்கும். அசையும்போது இந்த இரண்டும் மாறி மாறி நடப்பதால் துடிக்கிறது.

ஒரு வட்டம் வரைந்து போட்டுப் பாருங்கள். படுத்த முட்டை மாதிரி தெரிந்தால் நான் சொன்னது உறுதி.

---

கரித்தூரிகை (புதன், காலை 10.12)

முட்டைதான் அண்ணா. நேற்றிலிருந்து யாரும் கவனிக்கவில்லை. ஆட்கள் எல்லோரும் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தார்கள், கேமரா கோளாறு என்று நினைத்தோம்.

ரெண்டரை 1024×512 ஆக மாற்றினேன். வட்டம் இன்னும் முட்டைதான். இழை இன்னும் துடிக்கிறது. முன்பைவிட மோசம்.

---

இருட்டறை (புதன், காலை 10.40)

ஏனென்றால் படம் வழியில் வேறு இடங்களிலும் சுருங்கி விரிகிறது. நான் நாடகங்களுக்கு வீடியோ பின்னணி செய்பவள், இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள்.

முன்னாடி என்ன நடந்தது தெரியுமா? டச்டிசைனர் இலவசப் பதிப்பு 1280×1280-ஐத் தாண்டாது. நீங்கள் 1920×1080 என்று கேட்டாலும் அது கமுக்கமாக 1280×720-தான் தரும். அதை விண்டோ 1920-க்கு இழுத்தது. லேப்டாப்புக்கும் வாலுக்கும் நடுவில் ஆபரேட்டர் வைத்திருக்கும் வீடியோ பெட்டி மறுபடி 1024×512-க்கு நசுக்கியது. போதாததற்கு விண்டோஸில் டிஸ்ப்ளே ஸ்கேல் 125 என்றோ 150 என்றோ இருக்கும். வெளுத்து, பிழிந்து, இஸ்திரி போட்டு மறுபடி பிழிந்த கதை. இப்போது ரெண்டரைச் சின்னதாக்கிவிட்டீர்கள், விண்டோ அதை இன்னும் அதிகமாக இழுக்கிறது. அதனால்தான் மோசம்.

1024×512 இலவச வரம்புக்குள் அடங்கிவிடுகிறது, காசு கட்ட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான். விண்டோஸில் இரண்டு திரைக்கும் ஸ்கேல் 100. டச்டிசைனர் விண்டோவை 1024×512 என்றே வைத்து, இரண்டாவது திரையின் மேல் இடது மூலையில் ஒட்டி வையுங்கள், முழுத்திரை ஆக்காதீர்கள். அப்புறம் ஆபரேட்டரிடம், "ஸ்கேலிங்கை எடுத்துட்டு ஒண்ணுக்கு ஒண்ணு போடுங்க அண்ணே" என்று கேளுங்கள். அவருக்குப் புரியும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: ஒரு பத்தி வெள்ளை, ஒரு பத்தி கறுப்பு என்று ஒரு பிக்சல் பட்டையாக 1024 பத்திக்கும் வரைந்து போடுங்கள். வால் முழுக்க ஒரே சீராகத் தெரிந்தால் எங்கேயும் சுருக்கம் இல்லை. அலை அலையாகப் பட்டை எழுந்தால் வழியில் இன்னும் ஏதோ ஒன்று பிழிகிறது. போனில் எடுத்துப் பார்க்காதீர்கள், போனே தனியாக ஓர் அலையைப் போட்டுக் காட்டும். கண்ணால் பாருங்கள்.

புகை வெளிச்சத்துக்கும் ஒரு வார்த்தை. எல்இடி வாலில் கறுப்பு என்றால் விளக்கு அணைந்திருக்க வேண்டும். அணையாமல் இருந்தால் லேப்டாப் டிவிக்கு அனுப்புவது போல வெளிச்ச அளவை 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது. கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் அதை முழு வீச்சுக்கு, 0 முதல் 255 வரைக்கு மாற்றுங்கள்.

---

கரித்தூரிகை (புதன், மாலை 6.30)

அக்கா!!! பட்டைச் சோதனை முதலில் அலை அடித்தது. ஸ்கேல் 125-ல்தான் இருந்தது. 100 ஆக்கியதும் அலை பாதியானது. ஆபரேட்டர் அண்ணன் பெட்டியில் ஏதோ மூன்று மெனு உள்ளே போய் ஸ்கேலிங்கை எடுத்தார். வால் முழுக்கச் சாம்பல் மாதிரி ஒரே சீர். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பத்தியும் தனித்தனியாக நிற்கிறது. கறுப்பும் கறுப்பாகிவிட்டது. அண்ணன், "இப்படி ஒன்றுக்கு ஒன்று என்று யாரும் இதுவரை கேட்டதில்லை" என்றார்.

ஆனால் அரக்கு இன்னும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. இரண்டாவது வரிசையில் ஒரு பேனல் மட்டும் ரோஸ் அடிக்கிறது.

---

வாலுப்பையன் (புதன், இரவு 8.15)

ரோஸ் பேனல் வேறு லாட். எல்லா வாடகைக் கிடங்கிலும் இப்படி ஒன்றிரண்டு கலந்து வரும். அதைக் கழற்றிக் கீழ் மூலையில் போடச் சொல்லுங்கள், அங்கே யார் கண்ணும் போகாது.

அரக்கு விஷயம்: வெளிச்சம் எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்? இருட்டு ஹால் என்றால் 15 சதவீதமாக இருக்குமே?

---

கரித்தூரிகை (புதன், இரவு 8.20)

ஆமாம் அண்ணா, 15. அதற்கு மேல் வைத்தால் கண் கூசுகிறது.

---

வாலுப்பையன் (புதன், இரவு 8.41)

அதுதான். முழு வெளிச்சத்தில் 256 படி இருந்தாலும் 15-க்கு இறக்கினால் இருட்டுப் பக்கத்துப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரக்கு, கத்தரிப்பூ, மாந்துளிர் மாதிரி ஆழ்ந்த நிறங்கள் எல்லாம் அந்த இருட்டுப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மெதுவாக மங்கிப் போகும் நிறத்தை இந்த வாலில் கேட்காதீர்கள். வேண்டுமானால் லேசாக இரைச்சல் (ஒழுங்கில்லாத பொடிப் புள்ளிகள்) தூவுங்கள், திட்டின் ஓரம் உடைந்து தெரியாமல் போகும்.

---

நாடாக்கட்டை (வியாழன், காலை 6.10)

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தறி. நான் இப்போது சேலைக்கு டிசைன் போடுகிறேன், கிராஃப் தாளில் ஆரம்பித்தவன், இப்போது கணினியில்.

பாப்பா, உன் தாத்தாவிடம் போய்க் கேள்: அரக்கு வேண்டுமென்றால் அரக்கு நூலை மட்டுமா போடுவார்கள்? மயில்கழுத்து எப்படி வருகிறது? பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டு நிறமும் கலக்கவே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, கலப்பது பார்ப்பவன் கண்ணில். உன் வாலும் அப்படித்தானே? மங்கலான அரக்கை ஏன் விளக்கிடம் கேட்கிறாய்? ஒரு பத்தி நல்ல சிவப்பு, அடுத்த பத்தி அணைந்த கறுப்பு, நடுநடுவே ஒரு பத்தி நீலம் என்று போட்டுப் பார். சிவப்பு வெளிச்சமாக எரியும், இருட்டுப் படிக்கே போகாது, திட்டும் விழாது.

இன்னொன்று. நீங்கள் எல்லோரும் 1024 என்பதைக் குறையாகப் பேசுகிறீர்கள். தறியில் உட்காருகிறவன் அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பில்) எத்தனை இழை என்று எண்ணிவிட்டுத்தான் கோடு போடவே ஆரம்பிப்பான். அச்சை மீறி யாரும் டிசைன் போடுவதில்லை. உன் அச்சு 1024. பார்டருக்கு இந்தப் பக்கம் 128, அந்தப் பக்கம் 128 என்று ஒவ்வொரு பேனல் விடு. உடலுக்கு 768. பார்டரும் உடலும் கோர்வையாகச் சேரும் இடம் சரியாகப் பேனல் மூட்டில் விழும், மூட்டும் மறைந்துவிடும். 768 மூன்றாலும் வகுபடும், நான்காலும் வகுபடும், கட்டம் போட இதைவிட நல்ல எண் கிடைக்காது.

---

இருட்டறை (வியாழன், காலை 7.55)

மூட்டில் கோர்வையை வைக்கச் சொன்னீர்களே, அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால் நிறம் கண்ணில் கலப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டு நூல் மெல்லியது. இங்கே ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கு இது முழுதாகக் கலக்க 13 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த ஹால் அவ்வளவு நீளமா?

---

கரித்தூரிகை (வியாழன், மதியம் 1.15)

ஹால் 7 மீட்டர்தான். மாமா சொன்னபடி போட்டுப் பார்த்தேன். திட்டு சுத்தமாகப் போய்விட்டது! ஆனால் அக்கா சொன்னதும் உண்மை, 3 மீட்டரில் நின்றால் அரக்கு தெரியவில்லை, சிவப்புக் கோடு போட்ட பாய் மாதிரி தெரிகிறது.

---

இருட்டறை (வியாழன், மதியம் 1.40)

வாலுக்கு முன்னால் மெல்லிய வெள்ளை மல் துணியைக் கட்டுங்கள். ஒட்டி அல்ல, 5 சென்டிமீட்டர் தள்ளி. துணி தள்ளத் தள்ள ஒவ்வொரு புள்ளியும் பரவும். எங்கே கோடு கரைந்து நிறமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். 10-க்குப் போனால் இழையே போய்விடும்.

ஜிம் கேம்பெல் என்ற அமெரிக்கக் கலைஞரின் வேலைகளைத் தேடிப் பாருங்கள். குறைந்த எண்ணிக்கை எல்இடிகளை வைத்து, முன்னால் ஒளியைப் பரப்பும் தகட்டை நிறுத்தி, நடக்கும் மனிதர்களைக் காட்டுவார். சான் பிரான்சிஸ்கோவின் சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுர உச்சியில் 2018-ல் அவர் செய்த வேலையில் விளக்குகள் ஊரைப் பார்த்து எரியவில்லை. கோபுரத்தின் உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியில்தான் படம். அங்கே இருப்பது சுமார் 11,000 எல்இடி. உங்களிடம் ஐந்து லட்சத்துக்கு மேல் பிக்சல் இருக்கிறது.

துணி விஷயத்தில் கவனம். பேனல் முகம் சூடாகும், பின்னால் காற்று போக வழி விடுங்கள், துணி எதிலும் படக்கூடாது, ஆள் இல்லாத நேரம் வாலை அணைத்துவிடுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

---

கரித்தூரிகை (வியாழன், இரவு 9.50)

மல் துணி உடனே கிடைக்கவில்லை. தாத்தாவின் நீள வேட்டி இரண்டை ஓரத்தோடு ஓரம் தைத்து, கரையை மடித்து, நைலான் கயிற்றில் கட்டினோம். 6 சென்டிமீட்டரில் அரக்கு வந்துவிட்டது! வந்துவிட்டது என்றால், கிட்டே இழை, தள்ளிப் போனால் அரக்கு. தலையை ஆட்டினால் லேசாக நீலம் எட்டிப் பார்க்கிறது. போட்டோவில் வரவே மாட்டேன் என்கிறது, வெறும் சிவப்பாகத்தான் விழுகிறது.

மீதி கினெக்ட் மட்டும். இரண்டாவது தலைமுறை, சீனியர்கள் விட்டுப்போனது. வாலின் அடியில் நடுவில் வைத்திருக்கிறோம். கணினி ஹாலின் பின்பக்கம் இருப்பதால் 10 மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன்.

---

வாலுப்பையன் (வியாழன், இரவு 10.22)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்த கினெக்ட் யூஎஸ்பி 3-ல் ஓடுவது. அதோடு வரும் ஒயரே ஏறக்குறைய 3 மீட்டர். அதற்கு மேல் 10 மீட்டர் சாதா ஒயரை நீட்டினால் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

தலைகீழாக மாற்றுங்கள். கணினியையும் சென்டிங் பெட்டியையும் (வாலுக்குப் படம் அனுப்பும் பெட்டி) வாலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். எக்ஸ்டென்ஷனே வேண்டாம். கணினி பின்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால், வாலுக்குப் போகும் நெட்வொர்க் ஒயரை நீட்டுங்கள், அது 100 மீட்டர் வரை போகும், அப்போது கினெக்டையும் கணினியோடு பின்னால் வைக்க வேண்டி வரும், முதுகைத்தான் பார்க்கும். அதனால் முதல் வழியே மேல். சென்டிங் பெட்டியின் ஒரு ஜிகாபிட் போர்ட் 60 ஹெர்ட்ஸில் ஆறரை லட்சம் பிக்சல் தாங்கும். உங்களுடையது 5,24,288. ஒரே ஒயர் போதும்.

ஓரத்து ஆளைப் பிடிக்காதது கணக்கு. அந்த கினெக்டின் பார்வை அகலம் 70 டிகிரி. ஒன்றரை மீட்டரில் நின்றால் அது பார்ப்பது 2.1 மீட்டர் அகலம்தான். வாலின் 4 மீட்டரையும் பிடிக்க ஆள் 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 4.5-ஐத் தாண்டினாலும் விட்டுவிடும். தரையில் 3 மீட்டரில் ஒரு டேப், 4.3-ல் ஒரு டேப். பி3.9 வாலை எப்படியும் 4 மீட்டர் தள்ளிப் பார்ப்பதுதான் வழக்கம், இரண்டும் ஒத்துப்போகிறது. ஹாலோஜன் ஃபோகஸ் ஏதாவது எரிந்தால் அணைத்துவிடுங்கள், அதன் அகச்சிவப்பு கினெக்டைக் குழப்பும்.

போனில் வீடியோ எடுப்பவர்களுக்கு: புரோ மோடில் ஷட்டர் 1/50. ஆட்டோவில் விட்டால் வேகமான ஷட்டரை எடுத்துக்கொண்டு குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும்.

---

நாடாக்கட்டை (வெள்ளி, காலை 6.05)

டேப் ஒட்டாதே பாப்பா, அசிங்கமாக இருக்கும். பழைய பாய் ஒன்றை விரி. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானாக அதன்மேல்தான் நிற்பார்கள்.

---

கரித்தூரிகை (சனி, மதியம் 3.40)

ஓடிக்கொண்டிருக்கிறது! காலை 10 மணியிலிருந்து கினெக்ட் ஒருமுறைகூட அறுபடவில்லை. பாய் யோசனை அற்புதம் மாமா, குழந்தைகள் மட்டும் பாயைத் தாண்டி வேட்டியைத் தொட ஓடுகிறார்கள், ஒருத்தரை அங்கே காவலுக்குப் போட்டிருக்கிறோம். எலக்ட்ரீஷியன் மூன்று லைன் பிரித்துக் கொடுத்தார், எம்சிபி அசையவில்லை.

ஒன்றே ஒன்று. தாத்தா வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார். என்ன சொல்லப் போகிறார் என்று நாங்கள் நால்வரும் காத்திருந்தால், கையை நீட்டி, "அந்தப் பக்கம் ஒரு இழை அறுந்திருக்கு பாரு" என்றார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வேட்டியை விலக்கிப் பார்த்தால் ஆறாவது பேனலில் ஒரு பத்தியில், 16 பிக்சல் உயரத்துக்கு, சிவப்பு மட்டும் எரியவில்லை. இது எதனால்?

---

வாலுப்பையன் (சனி, மாலை 4.02)

டிரைவர் ஐசியில் (விளக்குகளை எரியவைக்கும் சிப்) ஒரு கால் போயிருக்கும், இல்லை சால்டர் விட்டிருக்கும். அந்த மாட்யூலை மட்டும் கழற்றி ஸ்பேர் போடலாம், இரண்டு நிமிட வேலை. அந்த லைனை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் தாத்தாவை எங்கள் கிடங்குக்கு டெஸ்டிங் வேலைக்கு அனுப்புவீர்களா?

---

கரித்தூரிகை (சனி, மாலை 5.15)

ஸ்பேர் போட்டாச்சு. தாத்தா மறுபடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எல்லோருக்கும் நன்றி, இந்த இழையை முடித்துக்கொள்ளலாம்.

---

நாடாக்கட்டை (சனி, மாலை 5.31)

எந்த இழையை?